டன்னுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்: டர்பனில் ஆலை போட வருபவர்களுக்குக் கார்பன் வரிக் கணக்கு

கோயம்புத்தூர், சென்னைப் பக்கமிருந்து தென்னாப்பிரிக்காவில் ஆலை போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "அங்கே கார்பன் வரி இருக்காமே, டன்னுக்கு எவ்வளவு?" அடுத்த மூச்சிலேயே, "அப்படின்னா மொசாம்பிக், எஸ்வாத்தினி பக்கம் போயிடலாமா?" என்பார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். 2019 ஜூன் 1-இல், வெளிவிடும் கரியமிலவாயு டன்னுக்கு 120 ரேண்ட் என்று தொடங்கியது. 2023-இல் 159, 2024-இல் 190, 2025-இல் 236. 2026-க்கு 308, 2027-க்கு 347, 2028-க்கு 385, 2029-க்கு 424, 2030-க்கு 462 என்று சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் இந்த எண்ணை மட்டும் எக்செல்லில் போட்டு ஊர் தேர்ந்தெடுத்தால் கணக்கு தப்பாகத்தான் வரும். யாரும் அந்த முழு விகிதத்தைக் கட்டுவதில்லை. கட்டுகிற தொகையும் பெரும்பாலான ஆலைகளுக்கு ஊரைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிதில்லை. வேறு இரண்டு விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன. அதற்கு முன், வரி எங்கே பிடிக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

பாய்லரின் மேல் ஒரு பித்தளைத் தகடு அறைந்திருக்கும். மணிக்கு எத்தனை டன் நீராவி, எவ்வளவு அழுத்தம், எந்த வருடத் தயாரிப்பு என்று அதில் பொறித்திருப்பார்கள். வரிக் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எரிபொருளை எரிக்கும் ஆலைகளுக்கு வரம்பு 10 மெகாவாட் வெப்ப உள்ளீடு. அதற்குக் கீழே இருந்தால் இந்த வரியே கிடையாது.

மணிக்கு 10 டன் நீராவி தரும் பாய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 10 பார் அழுத்தத்தில் பூரித நீராவி, உள்ளே போகும் தண்ணீர் 105 டிகிரி என்றால், ஒரு கிலோ நீராவிக்குச் சுமார் 2.34 மெகாஜூல் கொடுக்க வேண்டும். மணிக்கு 10,000 கிலோ என்றால் வெளியீடு 6.5 மெகாவாட். செயல்திறன் 80% என்று வைத்தால் உள்ளே போகும் வெப்பம் 8.1 மெகாவாட். ஒரு பாய்லர் மட்டும் இருந்தால் வரம்புக்குள் நிற்கிறீர்கள். இரண்டாவதைப் பக்கத்தில் நிறுத்தினால் 16.2, வலைக்குள் வந்துவிட்டீர்கள்.

நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். "இரண்டாவது பாய்லர் ஸ்டாண்ட்பைதானே, வருடத்தில் பத்து நாள்தான் ஓடும்" என்பார்கள். கணக்கில் வருவது நிறுவிய திறன். ஓடிய மணிநேரம் அல்ல. டீசல் ஜெனரேட்டரும் அதில் சேரும். ஒரே கம்பெனிக்கு டர்பனில் ஒன்று, ஜோஹானஸ்பர்கில் ஒன்று என்று இரண்டு ஆலை இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். ஆகவே டர்பனின் புரோஸ்பெக்டன், ஜேக்கப்ஸ், மோபெனி பக்கம் பழைய ஷெட் ஒன்றை மலிவாக வாங்குகிறவர்கள், உள்ளே துருப்பிடித்துக் கிடக்கும் பாய்லரின் தகட்டையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேண்டாதது என்றால் எரிபொருள் குழாயை வெட்டி, கழற்றி, அகற்றிய ஆவணத்தை ஃபைலில் வையுங்கள்.

காற்று மாசு விதியிலும் ஒரு 10 மெகாவாட் உண்டு. 2013 நவம்பரில் 10 முதல் 50 மெகாவாட் வரையிலான சிறு பாய்லர்களைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அது பாய்லர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. வரியில் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எண் ஒன்றாக இருப்பதால், "மாசு விதி நமக்குப் பொருந்தாது, அப்போ வரியும் பொருந்தாது" என்று முடிவுகட்டுகிற ஆலோசகர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன 8.1 மெகாவாட் பாய்லர் இரண்டுமே மாசு விதிக்கு வெளியே, வரிக்கு உள்ளே.

சரி, ஒரு முழுக் கணக்கு. இரண்டு பாய்லர், வருடம் 10,000 டன் நிலக்கரி. டன்னுக்கு நிகர வெப்பம் 24 ஜிகாஜூல் என்றால் 2,40,000 ஜிகாஜூல். பிட்டுமினஸ் நிலக்கரிக்கு ஜிகாஜூலுக்கு 94.6 கிலோ கரியமிலவாயு. ஆக 22,704 டன். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு சேர்த்தால் இன்னும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கூடும், இங்கே விட்டுவிடுகிறேன்.

2025 விகிதத்தில் 236-ஆல் பெருக்கினால் 53,58,144 ரேண்ட். இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் 2025 முடிய நடந்த முதல் கட்டத்தில் எல்லோருக்கும் 60% அடிப்படை விலக்கு. அதைக் கழித்தால் 21,43,258. ஏற்றுமதி–இறக்குமதிப் போட்டியில் இருக்கும் தொழிலுக்கு அதிகபட்சம் 10%, உங்கள் துறையின் அளவுகோலைவிடக் குறைவாக வெளியிட்டால் 5% வரை, கார்பன் பட்ஜெட் (அரசு வகுக்கும் புகை வரம்பு) முறையில் சேர்ந்தவர்களுக்கு 5%, கார்பன் கிரெடிட் வாங்கி ஈடுகட்டினால் எரிப்புக்கு 10%. எல்லாம் கிடைத்தால் மிச்சம் 10%தான், அதாவது 5,35,814 ரேண்ட். அரைக் கோடியில் ஆரம்பித்து ஐந்தரை லட்சத்தில் வந்து நிற்கிறது.

இந்த ஆலையின் விற்றுமுதல் 80 கோடி ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை விலக்கு மட்டும் எடுத்தாலும் வரி அதில் 0.27%. இதற்காக யாரும் எல்லை தாண்டிப் போவதில்லை. போனாலும் என்ன? எஸ்வாத்தினி, லெசோத்தோ, போட்ஸ்வானா, நமீபியா எல்லாம் தென்னாப்பிரிக்காவோடு ஒரே சுங்க ஒன்றியம். அங்கே செய்து இங்கே தீர்வையில்லாமல் கொண்டுவரலாம், கார்பன் வரியும் இல்லை. புத்தகப்படி பார்த்தால் ஆலைகள் எல்லாம் எஸ்வாத்தினியின் மட்சாபா தொழிற்பேட்டைக்கு வண்டி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. சரக்கு டர்பன் துறைமுகத்துக்குத்தான் வர வேண்டும், லாரி வாடகை ஏறும், எஸ்வாத்தினியின் மின்சாரத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்க அரசு மின் நிறுவனமான எஸ்காமிடமிருந்தே போகிறது. இங்குள்ள நியூகாசில் நகரிலிருந்து லெசோத்தோவுக்குத் துணி ஆலைகள் போனதுண்டு. அதற்குக் காரணம் கூலியும் அமெரிக்கச் சந்தைச் சலுகையும். புகைக்கு அதில் பங்கில்லை.

ஊர்க்காரர்களுக்காக ஒரு ஒப்பீடு. இந்தியாவில் நிலக்கரிக்கு டன்னுக்கு 400 ரூபாய் செஸ் 2016 முதல் 2025 செப்டம்பர் வரை இருந்தது. அதைப் பற்றி "சுற்றுச்சூழல் வரிக்குப் பயந்து கம்பெனி ஓடிவிடும்" என்று யாரும் பதறியதாகத் தெரியவில்லை, நிலக்கரி பில்லோடு கலந்து வந்ததால். இங்கே தனி உரிமம், தனிப் படிவம், தனிப் பெயர். வரி கண்ணில் படுகிற விதமே பாதி பயத்துக்குக் காரணம்.

படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் சறுக்கினால் வரியைவிட அபராதம்தான் வலிக்கும். கார்பன் வரியை வருமான வரிப் பிரிவு வசூலிப்பதில்லை. தென்னாப்பிரிக்க வருவாய்த்துறையான சார்ஸின் சுங்க–கலால் பிரிவு வசூலிக்கிறது. அதனால் நிறுவனம் டிஏ 185 படிவத்தில் விண்ணப்பித்து கலால் உரிமம் எடுக்க வேண்டும். கணக்கைக் காட்டுவது டிஏ 180, வருடத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆண்டு ஜூலைக் கடைசியில். அதற்கு முன்பே, மார்ச் 31-க்குள், சுற்றுச்சூழல் துறைக்கு வெளியேற்ற அறிக்கை தனியாகப் போயிருக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் 22,704, மற்றதில் 21,900 என்றால் கேள்வி வரும்.

எண்கள் ஒத்துப்போகாமல் போவதற்கு வழக்கமான காரணங்கள் இவை. முதலாவது, இந்தியத் தாய்க் கம்பெனியின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். கார்பன் வரிக்கு ஜனவரி–டிசம்பர். கணக்குப் பிரிவு தன் ஆண்டின் நிலக்கரிச் செலவை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். டிசம்பர் 31 மாலை நிலக்கரிக் குவியலை அளந்து எழுதிவைக்க ஆள் இல்லாவிட்டால், பிறகு எந்த ஆடிட்டரும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆரம்ப இருப்பு, கூட்டல் வாங்கியது, கழித்தல் முடிவு இருப்பு: எரித்தது அதுதான். வெய்பிரிட்ஜ் சீட்டுகளை மட்டும் கூட்டினால் வாங்கியதுதான் தெரியும்.

இரண்டாவது, ஆய்வகச் சான்றிதழ். அதில் மொத்த வெப்ப மதிப்பு, காற்றில் உலர்த்திய நிலையில் என்று ஒரு எண் பெரிதாக இருக்கும், 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 94.6 நிகர மதிப்புக்கு உரியது. 24-க்குப் பதில் 27 போட்டால் 2,838 டன் கூடுதலாக எழுதிக்கொடுத்து, அடிப்படை விலக்குக்குப் பிறகும் 2,67,907 ரேண்ட் சும்மா கட்டுகிறீர்கள். மழைக்காலத்தில் வந்த நிலக்கரியின் ஈரமும் எடையில்தான் இருக்கும். எடையும் வெப்ப மதிப்பும் ஒரே நிலையில் இருக்க வேண்டும், இரண்டும் வந்தபடி அல்லது இரண்டும் உலர்ந்தபடி.

மூன்றாவது டீசல். பம்பில் போடும்போதே கார்பன் வரி (2025 ஏப்ரல் நிலவரப்படி லிட்டருக்கு 17 காசு, அதாவது சென்ட்; பெட்ரோலுக்கு 14) போய்விடுகிறது. ஜெனரேட்டரில் எரித்த டீசலைப் படிவத்தில் சேர்த்துவிட்டு, கழிக்க வேண்டிய இடத்தில் கழிக்க மறந்தால் ஒரே டீசலுக்கு இரண்டு முறை.

கரும்புச் சக்கை எரிக்கிற சர்க்கரை ஆலைக்கு வேறு கணக்கு. சக்கையிலிருந்து வரும் கரியமிலவாயு வரிக்குள் வராது. நேட்டால் கடற்கரையில் கரும்புக்காகத்தான் 1860-இல் நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். இன்று அந்தக் கரும்பின் சக்கை ஒரு வரிச் சலுகை. நிலக்கரியிலிருந்து வாயுவுக்கு மாறினால் ஜிகாஜூலுக்கு 94.6-லிருந்து 56.1 கிலோவாகக் குறையும், நாற்பது சதவீதத்துக்கு மேல் மிச்சம். ஆனால் மொசாம்பிக் வயல்களிலிருந்து வரும் வாயு குறைந்துகொண்டே வருகிறது. வரியை மிச்சப்படுத்த வாயு பாய்லர் வாங்குகிறவர், வாயு ஒப்பந்தத்தின் கடைசித் தேதியை முதலில் படிக்கட்டும்.

இனி, உண்மையிலேயே ஊரைத் தீர்மானிக்கிற இரண்டில் முதல் விஷயம். மின்சாரம்.

எஸ்காம் விற்கும் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயு இருக்கிறது. நாம் எடுத்த ஆலை வருடம் 3 கோடி யூனிட் எடுத்தால், பாய்லரைவிட அதிகப் புகை எஸ்காமின் புகைபோக்கியில் நம் பெயரில் போகிறது. ஆனால் அதற்குக் கார்பன் வரி நம் பில்லில் வராது. யூனிட்டுக்கு 3.5 காசு மின் உற்பத்தித் தீர்வை ஏற்கெனவே இருப்பதால் அதைக் கார்பன் வரியோடு ஈடுசெய்து, மின்கட்டணம் ஏறாதபடி பார்த்துக்கொள்வது என்பது ஆரம்பத்திலிருந்தே அரசின் ஏற்பாடு. அதனால்தான் இண்டக்ஷன் ஃபர்னஸ் வைத்து வார்ப்படம் செய்கிற கோவை ஃபவுண்டரிக்காரருக்கு இங்கே நேரடிக் கார்பன் வரி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அவர் கவலைப்பட வேண்டியது கட்டண உயர்வைப் பற்றி. 3 கோடி யூனிட்டுக்கு 10 காசு ஏறினால் 30 லட்சம் ரேண்ட். நம் உதாரண ஆலையின் மொத்தக் கார்பன் வரியைவிட அதிகம். 2023 ஏப்ரலில் மட்டும் எஸ்காம் கட்டணம் 18.65% ஏறியது. அதே வருடம் மின்வெட்டும் உச்சத்தில் இருந்தது.

இதைப் பழைய முதலீடுகளே காட்டுகின்றன. டர்பனுக்கு வடக்கே உள்ள துறைமுக ஊரான ரிச்சர்ட்ஸ் பேயில் ஹில்சைட் அலுமினிய ஆலை 1990-களின் நடுவில் வந்தது. பாக்சைட் இந்த நாட்டில் கிடையாது. மூலப்பொருள் கப்பலில் வருகிறது. அன்று எஸ்காமிடம் மலிவு மின்சாரம் மிதமிஞ்சிக் கிடந்ததால்தான் இந்த ஊர். அதே கணக்கில் கனடாவின் அல்கான் கம்பெனி போர்ட் எலிசபெத் பக்கத்துக் கோஹாவில் ஒரு பெரிய அலுமினிய ஆலை போடத் திட்டமிட்டது. பிறகு அல்கானை ரியோ டின்டோ வாங்கியது. மின்சாரத்துக்கு உத்தரவாதம் கிடைக்காமல் 2009-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அப்போது கார்பன் வரி பிறக்கவேயில்லை.

ஆராய்ச்சியாளர்களும் பல வருடமாக இதைத் தேடிப்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடுமையான நாட்டிலிருந்து தளர்வான நாட்டுக்குப் புகைத் தொழில் ஓடிவிடும் என்பது கேட்கச் சரியாகத்தான் படும். 2003-இல் கன்னார் எஸ்கெலாண்டும் ஆன் ஹாரிசனும் மெக்சிகோ, வெனிசுவேலா, மொராக்கோ, கோட் டிவார் ஆலைகளை எடுத்துப் பார்த்தபோது, மாசுச் செலவு வெளிநாட்டு முதலீட்டை இழுத்தது என்பதற்கு வலுவான ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டு ஆலைகள் உள்ளூர் ஆலைகளைவிடக் குறைவாகவே எரிசக்தி எடுத்தன. மறுபக்கமும் உண்டு. அமெரிக்கக் காற்று மாசுச் சட்டம் கடுமையானபோது அங்குள்ள பன்னாட்டுக் கம்பெனிகள் வெளிநாட்டுச் சொத்தைச் சுமார் 5% கூட்டின என்று ரெமா ஹன்னா 2010-இல் காட்டினார். விளைவே இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாத் தொழிலுக்கும் ஒரே மாதிரி இல்லை, அவ்வளவுதான். எரிபொருள் செலவு பெரிதாக, பொருள் எடை கொண்டதாக, விலை உலகச் சந்தையில் நிர்ணயமாவதாக இருந்தால் வரி உறைக்கும்: சிமென்ட், எஃகு, உரம். மற்றவர்களுக்கு அது பத்தாவது வரிசைச் செலவு.

சிறப்புப் பொருளாதார மண்டலத்தைப் பக்கத்தில் வைத்தால் இன்னும் தெளிவாகும். கம்பெனி வரி 27%. கோஹா, டியூப் டிரேட்போர்ட், ஈஸ்ட் லண்டன், மலுட்டி-அ-ஃபோஃபுங், ரிச்சர்ட்ஸ் பே, சல்டானா பே ஆகிய ஆறு மண்டலங்களில் தகுதியுள்ள நிறுவனத்துக்கு 15%. 80 கோடி விற்றுமுதலில் 8 கோடி லாபம் என்றால் 2.16 கோடி வரி 1.2 கோடியாகிறது; மிச்சம் 96 லட்சம் ரேண்ட், நம் கார்பன் வரியைப் போல நாலரை மடங்கு. டர்பன் விமான நிலையத்தை ஒட்டிய டியூப் டிரேட்போர்ட்டில் மஹிந்திரா பிக்அப் வண்டிகள் 2018 முதல் பாகங்கள் சேர்த்துப் பூட்டப்படுகின்றன.

மண்டலத்துக்குள் போனால் கார்பன் வரி கிடையாது என்று சில நிலத் தரகர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். அப்படி ஒரு விலக்கு இல்லை. 15% விகிதத்திலும் ஒரு குழி உண்டு: வருமானத்திலோ செலவிலோ 20%-க்கு மேல் இந்த நாட்டில் உள்ள உங்கள் சொந்தத் தொடர்புக் கம்பெனியோடு நடந்தால் சலுகை போய்விடும். ஏற்கெனவே ஜோஹானஸ்பர்கில் ஒரு விற்பனைக் கம்பெனி வைத்திருப்பவர், மண்டலத்தில் தனியாக உற்பத்திக் கம்பெனி திறந்து, சரக்கு முழுவதையும் பழைய கம்பெனி வழியாக விற்பார். அந்த ஒரு அமைப்பாலேயே 96 லட்சம் கைநழுவும். கார்பன் வரியைப் பற்றி ஆறு கூட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவதுதான் வேடிக்கை.

ஊரைத் தீர்மானிக்கிற இரண்டாவது விஷயம், சரக்கை எங்கே விற்கிறீர்கள் என்பது. வரி எந்த ஊரில் பிடிக்கிறது என்பதைவிட எந்த முனையில் பிடிக்கிறது என்று பாருங்கள். 2010 செப்டம்பரிலிருந்து இங்கே புதுக் காருக்குக் கரியமிலவாயு வரி உண்டு. தொடக்கத்தில் கிலோமீட்டருக்கு 120 கிராமுக்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 75 ரேண்ட். அது இங்கே விற்கும் காருக்கு. புரோஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் செய்ததோ, கப்பலில் வந்ததோ, ஒரே வரி. ஏற்றுமதியாகும் காருக்கு இல்லை. அப்படிப்பட்ட வரி ஆலையின் இடத்தை அசைக்காது. எந்த மாடல் விற்கும் என்பதைத்தான் அசைக்கும். உற்பத்தி முனையில் பிடிக்கும் வரிதான் இடத்தை அசைக்கக் கூடியது. ஐரோப்பா இப்போது செய்வது, மற்றவர்களின் உற்பத்தி முனையைத் தன் எல்லையில் வைத்துப் பிடிப்பது.

அதன் பெயர் சிபாம், எல்லைக் கார்பன் சரிக்கட்டு முறை. 2023 அக்டோபர் முதல் வெறும் அறிக்கை. 2026 ஜனவரி 1 முதல் இறங்கும் சரக்குக்குப் பணம். இரும்பு–எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய ஆறு. பிரிட்டனும் 2027 ஜனவரியில் தனியாக ஒன்றைத் தொடங்குகிறது. ஐரோப்பாவின் சுமை மெல்ல ஏறும்: 2026-இல் 2.5%, 2027-இல் 5, 2028-இல் 10, 2029-இல் 22.5, 2030-இல் 48.5, 2034-இல் முழுவதும். டன் எஃகுக்கு 2 டன் கரியமிலவாயு, ஐரோப்பிய விலை டன்னுக்கு 70 யூரோ என்று தோராயமாக வைத்தால் முழுச் சுமை 140 யூரோ. 2026-இல் அதில் மூன்றரை யூரோதான். 2030-இல் 68. இன்று அஸ்திவாரம் போடுகிற ஆலை 2045-இலும் ஓடும். முதல் வருடத்து மூன்றரை யூரோவைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இங்கே கட்டிய கார்பன் வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையில் கட்டியதை மட்டும். தள்ளுபடியைக் கழித்த பிறகு. 236 ரேண்டில் 60% விலக்கு போனால் 94.40. ஒரு யூரோ 20 ரேண்ட் என்று வைத்தால் ஐந்து யூரோகூட இல்லை. எல்லா விலக்கும் எடுத்தால் 23.60, ஒரு யூரோவும் சில்லறையும். பிரிட்டோரியா விட்டுக்கொடுத்த பணத்தை பிரஸ்ஸல்ஸ் எடுத்துக்கொள்ளும். ஐரோப்பாவுக்கு எஃகு அனுப்புகிறவருக்கு இங்கே கிடைக்கும் விலக்கு ஒவ்வொன்றும் காலப்போக்கில் மதிப்பிழக்கிற காசு. உள்நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் விற்கிறவருக்கு அது முழு மதிப்புள்ள காசு. 'வரி குறைந்த நாடு' என்று தேடுவதில் இனி பெரிய அர்த்தமில்லை என்பது இதனால்தான். புகை அதிகமான ஆலையை வரியே இல்லாத நாட்டில் போட்டாலும் ஐரோப்பிய வாசலில் கணக்குத் தீர்க்க வேண்டும். 60% அடிப்படை விலக்கைத் தொடரப்போவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தபோது உள்நாட்டுக்கு விற்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் நியாயம் உண்டு. ஏற்றுமதிக்காரர்களும் சேர்ந்து விட்டதுதான் எனக்குப் புரியவில்லை.

பட்டியலின் எல்லைகள் விசித்திரமானவை, இடம் பார்ப்பவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுங்கக் குறியீடு 7318, அதாவது போல்ட், நட், திருகு, சிபாம் பட்டியலில் இருக்கிறது. 8703, முழுக் கார், இல்லை. தனியாக அனுப்பும் போல்டுக்குக் கணக்கு. அதே போல்டை வண்டியில் முடுக்கி அனுப்பினால் கணக்கில்லை. ஐரோப்பாவுக்குப் பாகம் அனுப்புவதா, இங்கேயே இன்னும் ஒரு படி பூட்டி அனுப்புவதா என்று யோசிப்பவருக்கு இது ஒரு காரணம். பட்டியலை நீட்டும் பேச்சு நடந்துகொண்டிருப்பதால் அதையே ஒரே காரணமாக்கிக்கொள்ளவும் வேண்டாம். ஒரு இறக்குமதியாளர் வருடத்துக்கு மொத்தம் 50 டன்னுக்குக் கீழ் கொண்டுவந்தால் விலக்கு உண்டு. சிறு பட்டறைகளுக்கு அது போதும், ஆனால் உங்கள் 30 டன்னோடு அவர் வேறு ஊரிலிருந்து வாங்கும் 40 டன்னும் சேர்ந்துதான் எண்ணப்படும்.

இன்னொரு எல்லை: சிமென்டுக்கும் உரத்துக்கும் மின்சாரத்தின் புகையையும் சேர்க்கிறார்கள், எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இப்போது சேர்ப்பதில்லை. எஸ்காம் மின்சாரத்தில் உருகும் அலுமினியத்துக்கு இது பெரிய தப்பிப்பு. அந்த விதி மாறினால் ரிச்சர்ட்ஸ் பேயின் கணக்கு தலைகீழாகும். வாங்குகிற கார்க் கம்பெனிகள் சட்டத்துக்குக் காத்திருப்பதுமில்லை. மின்சாரத்தின் புகையை இப்போதே கேட்கிறார்கள். தனியார் மின் உற்பத்திக்கு இருந்த உரிம வரம்பை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டதால், வடக்குக் கேப் மாகாணத்தில் ஒரு சூரியப் பண்ணையோடு ஒப்பந்தம் போட்டு எஸ்காம் கம்பியில் மின்சாரம் வரவழைக்க முடியும். ஆலை நகராட்சி வலையில் இருந்தால் எஸ்காம் ஒப்பந்தம் மட்டும் போதாது, நகராட்சியும் சம்மதித்து அதன் கம்பிக்கு வாடகை சொல்ல வேண்டும். நிலம் பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: மீட்டர் எஸ்காமுடையதா, நகராட்சியுடையதா?

கடைசியாக, வரியில் வராத ஒன்று. தெற்கு டர்பனில் ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சாலைதான். மெர்பேங்கில், 2022 வாக்கில் நின்றுபோன எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வேலியை ஒட்டியே பள்ளிக்கூடமும் கோயிலும் வீடும். அங்குள்ளவர்கள் முப்பது வருடமாகப் புகையோடு மல்லுக்கட்டியவர்கள். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கந்தக டை ஆக்சைடு அளவு பற்றி உங்கள் ஆலோசகரைவிட நன்றாகக் கேள்வி கேட்பார்கள். காற்று உரிமம் அந்தக் கூட்டத்தில் ஒரு வருடம் தள்ளிப்போனால், இறக்கிவைத்த இயந்திரத்துக்குக் கட்டும் வட்டி எவ்வளவு என்று ஒரு வரி உங்கள் எக்செல்லில் இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் புரோஸ்பெக்டன் டொயோட்டா ஆலை மாதக்கணக்கில் நின்றது. அதனால் அந்தத் தாழ்நிலத்தில் இடம் பார்ப்பவர் வெள்ளக் காப்பீட்டுக்கும் ஒரு வரி போடட்டும். கார்பன் வரி அவற்றுக்குக் கீழே எங்காவது வரும்.